முள் எப்படி விழுந்தது?

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைக்கூட மன்னித்துவிடலாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வருவார், பானட்டைத் திறப்பார், பழுது அவர் கண்ணெதிரே அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிற வண்டிதான் ஆளைக் கொல்லும். டாக்டர் வீட்டுப் படியேறியதும் பல்வலி நின்றுபோகுமே, அதுபோலப் பட்டறைக்குள் நுழைந்ததும் அந்த வண்டிக்கு எல்லா நோயும் தீர்ந்துவிடும். மெக்கானிக் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். கார்புரேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. கம்பெனிப் பெயர் எதற்கு? வயதான எந்த வண்டிக்கும் வரக்கூடிய நோய்தான். ஆடிட்டர் ஆபீஸ் வேலையாக அப்போது திருச்சிக்கும் மதுரைக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். மனைவியின் பிறந்த வீடு மதுரையில் என்பதால் பாதி நாள் அவளும் கூட வருவாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு வழக்கு தீர்ந்ததே அவள் சாட்சியால்தான்.

முதன்முதலில் நின்றது துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால். பங்குனி மாதத்து மத்தியான வெயில், ஏ.சி. ஓடுகிறது, வேகம் 80. உதறல் இல்லை, இருமல் இல்லை. இன்ஜின் சத்தம் மட்டும் காணாமல்போய், டயர் உருளுகிற சத்தம் தனியாகக் கேட்டது. பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தேன், பேச்சில்லை. கிளட்ச்சை மிதித்ததும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவப்பாக எரிந்தன. கூடவே ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்தது.

ஓடுகிற வண்டியில் இன்ஜின் அணைந்தால் பிரேக்கும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. பெடலை இலேசாக்கித் தருவது இன்ஜின் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம். இன்ஜின் நின்ற பிறகும் ஓரிரு மிதிக்குப் போதுமான அளவு அது பூஸ்டருக்குள் மிச்சம் இருக்கும். பதறிப்போய் விட்டு விட்டு மிதித்தால் அந்த மிச்சமும் தீர்ந்து பெடல் கட்டைபோலாகிவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். சாவியை முழுக்கத் திருப்பி உருவிவிடவும் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எனக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்த வாத்தியார் இதை மண்டையில் குட்டிச் சொல்லியிருந்தார். நாலு பக்க இண்டிகேட்டரைப் போட்டு, இடதுபுறம் மண்ணில் இறக்கி நிறுத்தினோம். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணுக்கு அடித்தால் ரோந்து வண்டியோ இழுவை வண்டியோ வரும் என்பதை அதற்கப்புறம்தான் செல்போனில் பதிந்துவைத்தேன்.

செல்ஃப் நன்றாக அடித்தது. இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. புளியமர நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் முதல் அடியிலேயே கிளம்பிவிட்டது. மதுரை வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

நம் ஊரில் நின்றுபோன கார் ஒன்று போதும், ரோட்டோர டீக்கடையில் வைத்தியர்கள் பஞ்சமில்லாமல் கிடைப்பார்கள். அடுத்தடுத்து நின்றபோது கேட்ட மருந்துகளை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். ஏர் லாக் என்றார் இன்னொருவர். டேங்க் மூடியைத் திறந்து மூடச் சொன்னார் டிராக்டர்க்காரர் ஒருவர். எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னவரும் உண்டு. மனைவி அதையும் கட்டினாள். கெடுதல் இல்லை.

இவர்கள் யாரும் உளறவில்லை என்பதுதான் வேடிக்கை. டேங்க் மூடி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்தச் சின்ன வழி அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் மேலே ஏற மறுக்கும். வண்டி திணறித் திணறி நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போகும், வண்டியும் கிளம்பிவிடும். ஏர் லாக் என்று அவர்கள் சொல்வதும் கார்புரேட்டர் காலத்து நிஜம். இன்ஜினோடு ஒட்டியிருந்த பம்ப்பும் குழாயும் கொதித்து, பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் என் மாமா வண்டி ஓட்டிய காலத்தில், பம்ப்பின்மேல் சுற்ற ஈரத்துணியும் ஒரு குடம் தண்ணீரும் இல்லாமல் ஏறமாட்டார். ஆனால் என் வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தது. குழாயில் கிட்டத்தட்ட 3 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. டீக்கடை வைத்தியம் தப்பில்லை, நோயாளி மாறிவிட்டான்.

பட்டறைகள் வேறு வழியில் போயின. முதலில் பிளக்கும் ஃபில்டரும் மாற்றினார்கள். ஒரு மாதம் நிற்கவில்லை. சந்தோஷப்பட்டோம், பிறகுதான் தெரிந்தது, அந்த மாதம் மழை மாதம். அடுத்து ஒருவர் ரோட்டிலேயே வந்து பார்த்தார். நின்ற வண்டியில் செல்ஃப் அடிக்கச் சொல்லி, பின்சீட்டைத் தூக்கிப் பம்ப்புக்குப் போகும் ஒயரில் டெஸ்டரை வைத்தார். கரண்ட் வரவில்லை. அதை வைத்து ரிலேவை மாற்றினார். ரிலேவுக்கும் அடங்காததால் பம்ப்பையும் மாற்றினார். ஆறாயிரத்துச் சொச்சம். அவர் பார்த்தது உண்மைதான், பம்ப்புக்குக் கரண்ட் வரவில்லைதான். ஏன் வரவில்லை என்ற அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குள்தான் பழுது இருந்தது.

கடைசியில் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோனேன். கண்ணாடி அறை, காபி, டிவி. ஸ்கேனர் போட்டார்கள். ஒரு ஃபால்ட் கோடும் இல்லை என்றார்கள். டை கட்டிய பையன் அச்சடித்த தாளைக் காட்டி, “வண்டி நல்லாத்தான் சார் இருக்கு, ஃபால்ட் வந்தப்போ எடுத்துட்டு வாங்க” என்றான். நின்ற வண்டியை எப்படி எடுத்துக்கொண்டு வருவது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பில் வந்துவிட்டது.

திருச்சி பாலக்கரையில் ஒரு பாய் இருக்கிறார், எலக்ட்ரிகல் வேலையில் கை தேர்ந்தவர் என்று ஆபீஸ் பியூன் சொல்லித்தான் போனேன். தகரக் கொட்டகை. ரெண்டு வண்டி நிறுத்தினால் மூன்றாவதுக்குத் தெருதான். பாய்க்கு அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். நான் பானட் லிவரை இழுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் அப்புறம். மொதல்ல உக்காருங்க சார். அம்மா, நீங்களும் உக்காருங்க. வண்டி நிக்கிறப்போ யார் யார் உள்ள இருந்தீங்க?”

போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோலத்தான் இருந்தது. நிற்பதற்கு முன்னால் வண்டி இழுத்து இழுத்து வந்ததா, இல்லை பட்டென்று போனதா? பட்டென்று. “அப்ப பெட்ரோல் இல்லாம சாகலை. பெட்ரோல் கொறைஞ்சா வண்டி திணறும், ஜெர்க் அடிக்கும், கெஞ்சும். கரண்ட்டு போனாத்தான் கத்தி வெச்சு நறுக்குன மாதிரி போவும்.” பாட்டு நின்றதா? நிற்கவில்லை. காலையில் எடுத்ததும் என்றைக்காவது நின்றிருக்கிறதா? இல்லை, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான். எவ்வளவு நேரத்தில் திரும்பக் கிளம்பும்? கால் மணி, இருபது நிமிஷம். வெயில் இல்லாத நாளில் அதைவிடச் சீக்கிரம். இதை என் மனைவி சொன்னாள். பாய் திரும்பி அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் அவளிடம்தான்.

“அம்மா, இதை யோசிச்சுச் சொல்லுங்க. வண்டி செத்ததும் ஆர்.பி.எம். முள்ளு எப்படி விழுந்துச்சு? வண்டியோட சேர்ந்து மெதுவா எறங்குச்சா, இல்ல சட்டுன்னு படுத்துடுச்சா?”

“படுத்துடுச்சு பாய். ஸ்பீடு முள்ளு எழுவதுல இருக்கு, இந்த முள்ளு கீழ படுத்துக் கிடக்கு. நான்கூட இவர்கிட்ட சொன்னேன், மீட்டரும் கெட்டுப்போச்சுங்கன்னு.”

பாய் சிரித்தார். அப்போதே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. விஷயம் இதுதான். கியரில் இருக்கிற வண்டியில் இன்ஜின் நெருப்பு அணைந்தாலும், உருளுகிற சக்கரம் கியர்பாக்ஸ் வழியாக இன்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வெறும் பெட்ரோல் நின்றிருந்தால், சுற்றுகிற இன்ஜினின் வேகத்தை முள் காட்டியிருக்க வேண்டும். வண்டியின் வேகம் குறைய, அதுவும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தில் படுத்தது என்றால், இன்ஜின் சுற்றுகிறது என்று சொல்ல வேண்டியவன் வாயை மூடிக்கொண்டான் என்று அர்த்தம். எல்லா வண்டியிலும் முள்ளுக்கு ஒரே இடத்திலிருந்து செய்தி போவதில்லை. அந்தந்த வண்டியின் ஒயரிங்கைத் தெரிந்தவர்தான் இந்தச் சாட்சியத்தை எடைபோட முடியும். பாய்க்குத் தெரிந்திருந்தது.

இருந்தாலும் அவர் அதிலேயே நின்றுவிடவில்லை. சாவி சுவிட்சுக்குள் கான்டாக்ட் தேய்ந்து விட்டுவிட்டாலும் முள் இப்படித்தான் படுக்குமாம். “சாவிக்கொத்தைக் காட்டுங்க சார்” என்றார். கார் சாவி, வீட்டுச் சாவி, கேட் சாவி, பீரோ சாவி, பழனியில் வாங்கிய பித்தளை வேல். கையில் வைத்து எடை பார்த்தார். “இவ்ளோ கனத்தைத் தொங்கவிட்டா சுவிட்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்? மொதல்ல இதைக் கழட்டுங்க.”

அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கியபோதுதான் பாய் சொன்னதன் கனம் புரிந்தது. சாவி சுவிட்சைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் பலவீனமாக இருந்ததால், சாவிக்கொத்தின் பாரத்திலோ முட்டி பட்டோ சாவி தானாகப் பின்னால் திரும்பிவிடும். இன்ஜின் அணையும், ஸ்டியரிங் இறுகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. சுமார் 26 லட்சம் கார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 சாவுகளுக்கு அந்தச் சுவிட்சைக் காரணமாக ஏற்றுக்கொண்டது. 2015-இல் அமெரிக்க நீதித்துறையோடு முடிந்த வழக்குக்கு மட்டும் 90 கோடி டாலர்.

அதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 2010-இல் ஜார்ஜியா மாநிலத்தில் விபத்தில் இறந்த புரூக் மெல்டன் என்ற நர்ஸின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய வக்கீலுக்காக மார்க் ஹூட் என்ற இன்ஜினியர் அந்தச் சுவிட்சைப் படம் பிடித்தார், எக்ஸ்ரே எடுத்தார், பிரித்துப் போட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. கடையில் போய் 30 டாலருக்குப் புதுச் சுவிட்ச் ஒன்று வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த சின்ன உலோகக் குச்சி புதியதில் நீளமாக இருந்தது. திருப்பவும் அதிக விசை தேவைப்பட்டது. பாகத்தின் எண் மட்டும் இரண்டிலும் ஒன்றே. பழையதைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டிருந்தார்கள். முப்பது டாலர் பொருள் ஒரு சாம்ராஜ்யத்தைக் கூண்டில் ஏற்றியது.

என் வண்டியில் சுவிட்ச் குற்றவாளி இல்லை. அதை நிரூபித்தது அந்தச் சிவப்பு விளக்குகள். சுவிட்ச் விட்டுவிட்டால் அந்த விளக்குகளுக்கும் கரண்ட் போகாது, எதுவும் எரியாது. எங்களுக்குக் கிளட்ச்சை மிதித்ததும் எரிந்தன. மிதிக்கும்வரை எரியாததற்கும் காரணம் உண்டு. சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்த வரைக்கும் ஆயிலும் ஓடியது, ஆல்டர்னேட்டரும் சுற்றியது. கிளட்ச் அந்தத் தொடர்பை அறுத்ததும் இன்ஜின் நிஜமாகவே நின்றது, விளக்குகள் கத்தின.

“நெனப்பை வெச்சு ஸ்பேர் மாத்தக்கூடாது சார், பாத்துட்டு மாத்தணும்” என்றார் பாய். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அவரிடம் வேலை பழகிய பையன் இரண்டு சின்ன பல்புகளை ஒயரில் கோத்துக் கொண்டுவந்தான். ஒன்றின் ஒயர் இக்னிஷன் காயிலுக்கு வரும் கரண்ட்டில் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று பின்சீட்டுக்கு அடியில் பம்ப்புக்குப் போகும் ஒயரில். இரண்டையும் இழுத்துவந்து மீட்டருக்குப் பக்கத்தில் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டினான். மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. காருக்குள் கார்த்திகை தீபம் ஏற்றியாயிற்று என்றாள் மனைவி.

வெயில் நன்றாக ஏறட்டும் என்று காத்திருந்து, மத்தியானம் கிளம்பினோம். ஓட்டியது பாய். பழுது வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காரில் போனது அன்றைக்கு மட்டும்தான். விராலிமலைப் பக்கம் பூதகுடி டோல்கேட் வரிசையில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. காற்று அடிக்காததால் இன்ஜின் சூடு ஏறியது, ஃபேன் விடாமல் ஓடியது. டோல்கேட்டைத் தாண்டி வேகமெடுத்துச் சற்று தூரம் போயிருப்போம். சத்தம் அடங்கியது.

“கிளட்ச்ச மிதிக்கலை, பாத்துக்குங்க” என்று சொல்லிக்கொண்டே பாய் வண்டியைக் கியரிலேயே உருளவிட்டு ஓரம் கட்டினார். பின்னால் வண்டி ஏதும் இல்லை என்பதைக் கண்ணாடியில் முன்பே பார்த்துவைத்திருந்தார். மஞ்சள் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. பச்சை அணைந்துபோயிருந்தது. ஆர்.பி.எம். முள் படுத்துக் கிடந்தது. நிறுத்திய பிறகு சாவியை அணைத்துத் திரும்பப் போட்டார். பச்சை பல்பு ரெண்டு செகண்ட் எரிந்து அணைந்தது, பின்சீட்டுக்கு அடியில் பம்ப் ‘ங்ங்’ என்று முனகி அடங்கியது. “ரிலே நல்லாருக்கு, பம்ப்பு நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு. கம்ப்யூட்டர்தான் கரண்ட்ட நிறுத்துது. அது மேல தப்பில்லை, இன்ஜின் சுத்தலைன்னு நெனச்சுக்கிச்சு.”

இன்ஜின் சுற்றாதபோது பம்ப்பை நிறுத்திவிடுவது எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் வைத்தே செய்த ஏற்பாடு. விபத்தில் வண்டி நொறுங்கிக் கிடக்கும்போது பம்ப் பெட்ரோலை வெளியே கொட்டிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா? முன்னே வந்தவர் பம்ப் ஒயரில் கரண்ட் இல்லை என்று பார்த்ததும் இதைத்தான்.

பாய் பானட்டைத் திறந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கீழே இருந்த கட்டைவிரல் அளவுச் சாமான் ஒன்றை டார்ச் அடித்துக் காட்டினார். கிராங்க் சென்சார். குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை வாங்கி, சுடச்சுட இருந்த எக்ஸாஸ்ட் குழாயில் படாமல், அதன்மேல் மட்டும் மெல்ல ஊற்றினார். எக்ஸாஸ்ட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். பாட்டில் காலியானதும் செல்ஃப் அடித்தார். கால் மணி நேரம் காக்க வைக்கிற வண்டி உடனே கிளம்பிவிட்டது.

பட்டறைக்குத் திரும்பி அதைக் கழற்றியதும் பையனைப் பக்கத்து டீக்கடைக்கு அனுப்பினார். கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வந்தது. சென்சாரின் கப்ளரில் மல்டிமீட்டரைப் பொருத்தினார். 540 ஓம் காட்டியது. முனையை வெந்நீரில் இறக்கினார். 560, 590, 620. சூடேற ஏற எண் ஏறுவது தாமிரக் கம்பியின் குணம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 640-ஐத் தாண்டியதும் எண் துள்ளியது. ஒரு தரம் மறைந்து திரும்ப வந்தது. பிறகு மீட்டரில் ‘ஓ.எல்.’ என்ற எழுத்துகள் மட்டும் நின்றன, கம்பி உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். டம்ளரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் 550 திரும்பி வந்திருந்தது.

அந்தச் சாமானுக்குள் இருப்பது ஒரு காந்தமும், அதைச் சுற்றி மயிரிழைத் தாமிரக் கம்பியில் சுற்றிய காயிலும்தான். அதன் முன்னால் பல்சக்கரம் சுற்றுகிறது. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் கம்பியில் ஒரு துளி மின்சாரம் துடிக்கிறது. பல வண்டிகளில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் வைத்து, இரண்டை மட்டும் விட்டுவிட்டு 58 வெட்டியிருப்பார்கள். அந்த ஓட்டைப்பல் இடைவெளி கடக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்கிறது. எப்போது பொறி தர வேண்டும், எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான். என் சென்சாரில் அந்தக் கம்பி எங்கோ ஓரிடத்தில் முறிந்து, முனைகள் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. சூட்டில் எல்லாம் விரிய, முனைகள் விலகின. ஆறியதும் மறுபடி தொட்டுக்கொண்டன.

ஸ்கேனர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். சென்சார் செத்தாலும் துடிப்பு வராது, சாவியை அணைத்து இன்ஜினை நிறுத்தினாலும் துடிப்பு வராது. இரண்டில் எது நடந்தது என்று அந்த வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால் குற்றம் என்று குறித்துவைக்கவும் இல்லை. கிராங்க் சென்சாருக்கென்றே பி 0335 என்று ஒரு கோடு உண்டு. அது விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது. பாயிடமும் ஸ்கேனர் இருந்தது. “மெஷினக் குத்தம் சொல்லாதீங்க சார். வண்டி செத்துக் கெடக்குறப்போ செல்ஃப் அடிச்சுக்கிட்டே லைவ் டேட்டா பாத்திருந்தா, ஆர்.பி.எம். சைபர்னு காட்டியிருக்கும். நல்லாருக்குற வண்டில போட்டுப் பாத்தா நல்லாருக்குன்னுதானே சொல்லும்?”

பாயுடைய அத்தாவும் மெக்கானிக்தான். சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் அமெரிக்கக் கார்களில் கொண்டுவந்த பாயிண்ட், கண்டன்சர் ஏற்பாடுதான் அவர் காலத்து அம்பாசடர் வரைக்கும் வந்தது. அந்தக் கண்டன்சரும் சூடானால் சாகும், ஆறினால் உயிர் வரும். “அத்தா வாடிக்கைக்காரங்கள நிக்கவெச்சு அரை மணி நேரம் பேசுவாரு. எனக்கு எரிச்சலா வரும். இப்ப நான் பேசுறேன், இவன் எரிச்சல்படுறான்” என்று பையனைக் காட்டினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

புதுச் சென்சார் 1,400 ரூபாய். கப்ளருக்குள் இறங்கியிருந்த ஆயிலைத் துடைத்து, பின்னைக் கொஞ்சம் இறுக்கி மாட்டினார். கூலி 500 கேட்டார். பல்பு கட்டியது, பூதகுடி வரை ஓட்டியது, வெந்நீர்ப் பரீட்சை எல்லாம் சேர்த்துத்தான் அந்த 500. அதற்கு முன்னால் தேவையில்லாமல் மாற்றிய சாமான்களுக்கு நான் பேரம் பேசாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். ஃபில்டர், பம்ப் என்று கையில் ஒரு பொருள் வந்தால் காசு கொடுக்க நமக்கு மனசு வருகிறது. அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டதற்குப் பில் போட்டால் சண்டைக்குப் போவோம். பட்டறைக்காரர்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் கேள்வியை விட்டுவிட்டு ஸ்பேனரை எடுக்கிறார்கள். குற்றத்தில் நமக்கும் பாதி உண்டு என்பேன். அன்றைக்குப் பாயிடம் கூடுதலாகக் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. டீக்கடைக் கணக்கை மட்டும் தீர்க்கவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி வழியில் நிற்கவில்லை. அடுத்த சித்திரையையும் அதற்கு அடுத்ததையும் பார்த்துவிட்டுத்தான் கைமாறியது.

இப்போதைய வண்டிகளில் பட்டனை அழுத்தினால் கிளம்புகிறது, சாவிக்கொத்து சட்டைப் பையில் கிடக்கிறது. ஆனாலும் சூட்டில் விட்டுவிடும் கம்பியும் தேய்ந்துபோகும் கான்டாக்ட்டும் உள்ளே இருக்கத்தான் இருக்கின்றன. உங்கள் வண்டி ஓடும்போது அணைந்தால் முதலில் பத்திரமாக ஓரம் கட்டுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். முள் எப்படி விழுந்தது, விளக்கு எப்போது எரிந்தது, பாட்டு நின்றதா, எத்தனை நிமிஷத்தில் திரும்பக் கிளம்பியது. மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன் அந்தக் காகிதத்தை அவரிடம் நீட்டுங்கள். வாங்கிப் படிக்காமல் பம்ப் விலை சொன்னால் வேறு பட்டறை பாருங்கள்.